குரோதி வருடத்துப் பத்திரிகையும் ஒரு கெர்னல் அப்டேட்டும்

மன்னார்குடி பந்தலடிக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா, மஞ்சள் நீராட்டு, தீமிதி நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் தட்டச்சு, லேஅவுட், புரூஃப் எல்லாம் நான் ஒருத்திதான். அச்சுக்கு மட்டும் தஞ்சாவூரில் ஒரு மினி ஆஃப்செட்டுக்கு அனுப்புவேன். 2025 ஆகஸ்டில் ஒரே ஒரு கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டால் நாலு நாள் தூக்கமும் ரூ.8,400 கைக்காசும் போயின, பழைய வாடிக்கையாளர் ஒருவரும் போனார். இதில் கொடுமை என்னவென்றால், தப்பிக்கிற வழி முதல் நாளிலிருந்தே என் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் பக்கத்தில் ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிடிபி கடைக்காரிக்கு லினக்ஸ் எதற்கு என்று கேட்பீர்கள். என்னுடையது ஆறாம் தலைமுறை ஐ5 கம்ப்யூட்டர், அதில் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கோ 2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடியும் என்று அப்போதே சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் பென் டிரைவ் தொல்லை. கடைக்கு வருகிறவர்கள் நீட்டுகிற பென் டிரைவைச் செருகினாலே ஷார்ட்கட் வைரஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும். மார்ச் மாதம் உபுண்டு 24.04 என்கிற லினக்ஸைப் போட்டேன், வீடியோ பார்த்து நானே போட்டது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆனால் விண்டோஸில் ஓடுகிற பேஜ்மேக்கர் என்ற லேஅவுட் மென்பொருளை விட முடியவில்லை. இருபது வருஷத்து வேலை முழுக்க பேஜ்மேக்கர் 7 கோப்புகளாகக் கிடக்கிறது, எழுத்துருக்கள் எல்லாம் பாமினி வகை. பாமினியில் ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவம் இருக்கும். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டினால் திரையில் ‘தமிழ்’ என்று வரும். விரலுக்குப் பழகிவிட்டது, கண் பார்க்கவே வேண்டாம். பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது, வாட்ஸ்அப்பில் வருகிற தமிழை அப்படியே ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிதான். ஆகவே உபுண்டுவுக்குள் விர்ச்சுவல்பாக்ஸ் (கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுகிற மென்பொருள்), அதற்குள் இணைய இணைப்பு இல்லாத ஒரு விண்டோஸ் 7, அதற்குள் பேஜ்மேக்கர் என்று வைத்துக்கொண்டேன். ஐந்து மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

ஆடி முடிய ஒரு வாரம் இருந்தது. ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் எங்கள் தொழிலில் மாதத்தின் முதல் பாதி ஈ ஓட்டுவோம், கடைசிப் பத்து நாள் ஆவணி முகூர்த்தத்துக்கான பத்திரிகைகள் மொத்தமாக வந்து விழும். அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் கோட்டூர்ப் பெரியவர் ஒருவரின் பேத்தி கல்யாணப் பத்திரிகையைத் தட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கம், இரண்டு வீட்டுப் பங்காளிகள் பேர் வரிசை, மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. மணி எட்டாகிவிட்டதே என்று கோப்பைச் சேமிக்காமல், விண்டோஸையும் ஷட்டவுன் செய்யாமல், விர்ச்சுவல்பாக்ஸில் ‘சேவ் ஸ்டேட்’ கொடுத்து மூடினேன். தினமும் அப்படித்தான் செய்வேன், மறுநாள் திறந்தால் விட்ட இடத்திலேயே கர்சர் துடித்துக்கொண்டு நிற்கும், வசதிதானே. அப்போது மூலையில் அப்டேட் அறிவிப்பு வந்தது. ‘இன்ஸ்டால்’ அழுத்தினேன். ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். பிறகு அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய் ரசம் வைத்தேன்.

திங்கள் காலை விர்ச்சுவல்பாக்ஸைத் திறந்து ‘ஸ்டார்ட்’ கொடுத்தால், கெர்னல் டிரைவர் நிறுவப்படவில்லை, மைனஸ் 1908 என்று ஒரு பெட்டி. மூடித் திறந்தேன், கம்ப்யூட்டரை இரண்டு தரம் ரீஸ்டார்ட் செய்தேன், அதே பெட்டி. என்ன மாறியது என்பதே எனக்கு முதலில் புரியவில்லை, ஏனென்றால் மற்ற எல்லாம் ஓடியது. பிரௌசர், பிரிண்டர், ஸ்கேனர் எதிலும் குறை இல்லை. டெர்மினலில் ‘யூநேம் மைனஸ் ஆர்’ போட்டால் ஓடுகிற கெர்னலின் எண் தெரியும் என்பது மத்தியானம்தான் தெரிந்தது. 6.14 என்று காட்டியது. மார்ச்சில் நான் போட்டபோது 6.11. ஒரே உபுண்டு 24.04 தானே, கெர்னல் எப்படி மாறும் என்று குழம்பினேன். டெஸ்க்டாப்பாக நிறுவினால் இயல்பாகவே ‘எச்டபிள்யூஇ’ என்கிற தடத்தில் போய்விடுகிறது. புதிய வன்பொருட்களுக்கு ஆதரவு தருவதற்காக, அந்தத் தடத்தில் கெர்னல் இடையிடையே அடுத்த வரிசைக்குத் தாவும். 24.04.2-இல் 6.11, ஆகஸ்ட் 7-ஆம் தேதி வந்த 24.04.3-இல் 6.14. வேறு கடைக்காரர்கள் யாராவது படித்தால் முதலில் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: 24.04 மாதிரி எல்டிஎஸ், அதாவது நீண்ட கால ஆதரவுப் பதிப்பு, என்றால் கெர்னல் அசையாது என்று அர்த்தம் இல்லை. அப்டேட் பட்டியலை விரித்து, அதில் லினக்ஸ்-இமேஜ் என்று தொடங்கும் பெயருக்குப் பக்கத்தில் முதல் இரண்டு எண்கள் மாறுகின்றனவா என்று பாருங்கள். கடைசியில் இருக்கிற சின்ன எண் மாறினால் அது பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தம். 6.11 என்பது 6.14 ஆனால், வேலை நெருக்கடி இருக்கிற வாரத்தில் அதைத் தொடாதீர்கள்.

பிரிண்டர் ஓடியது, விர்ச்சுவல்பாக்ஸ் மட்டும் ஏன் படுத்தது என்பதற்கும் காரணம் உண்டு. கெர்னலோடு சேர்ந்தே வருகிற டிரைவர்கள் கெர்னல் மாறும்போது கூடவே மாறிவிடும். விர்ச்சுவல்பாக்ஸ் கெர்னலுக்குள் செருகுகிற துண்டு, அதாவது அதன் மாட்யூல், வெளியாள். ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் நம் கம்ப்யூட்டரிலேயே அதன் மூலநிரலிலிருந்து அதைப் புதிதாகக் கட்டியாக (கம்பைல் செய்தாக) வேண்டும். அது நடக்க அந்தக் கெர்னலுக்குரிய ஹெடர் கோப்புகள் வேண்டும், மாட்யூலின் மூலநிரலுக்கும் அந்தக் கெர்னல் பிடிபட வேண்டும். என்னிடம் இருந்தது 7.0 வரிசையில் ஒரு பழைய பதிப்பு. அது 6.14-ஐப் பார்த்து முழித்தது. அந்தப் பெட்டியிலேயே சொல்லியிருந்த கட்டளையை ரூட்டாக (முழு அதிகாரத்தோடு) கொடுத்துப் பார்த்தேன், மாட்யூல் கட்டுவது தோல்வி, லாக் கோப்பைப் பார் என்றது. லாகைத் திறந்தால் நானூறு வரி ஆங்கிலம். நான் பி.காம்., டைப்ரைட்டிங் ஹையர். அந்த நானூறு வரியைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. (செக்யூர் பூட் போட்டிருப்பவர்களுக்கு இதோடு மாட்யூலுக்குக் கையெழுத்து இடுகிற வேலையும் உண்டு, ரீஸ்டார்ட்டின்போது நீலத்திரை ஒன்று வந்து கடவுச்சொல் கேட்கும், அதைத் தாண்டிப் போகவிட்டால் மாட்யூல் ஏறாது. என் கம்ப்யூட்டரில் அது அணைத்திருந்ததால் அந்த ஒரு தலைவலி மிச்சம்.)

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரியவர் வந்தார். “என்னம்மா, புரூஃப் பாத்துடலாமா? வெள்ளிக்கிழமை குலதெய்வத்துக்கு மொத பத்திரிகை வைக்கணும், அப்புறந்தான் ஊருக்குக் குடுக்க ஆரம்பிக்கணும்.” கரண்ட் பிரச்சினை ஐயா, நாளைக்குத் தருகிறேன் என்று பொய் சொன்னேன். அவர் தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவரும் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனார். வீட்டுக்கு வந்து சொன்னால் என் கணவர், “சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி, நல்லா ஓடிக்கிட்டிருந்த விண்டோஸை யாரு மாத்தச் சொன்னா?” என்றார். அன்று இரவு அந்த மனிதரோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை சர்வீஸ் பையன் ஒருவரை வரவழைத்தேன். வந்தார், விர்ச்சுவல்பாக்ஸை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டார், அதே பதிப்பு, அதே பெட்டி. “அக்கா, இதெல்லாம் டெவலப்பருக்குத்தான் சரி. ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுர்றேன், ரெண்டாயிரத்து ஐநூறு ஆவும்” என்றார். சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். நல்லவேளை, “உள்ளே இருக்கிற பேஜ்மேக்கர் ஃபைல் எல்லாம்?” என்று கேட்டேன். “ரெக்கவரி பண்ணிக்கலாம்க்கா” என்றார். அந்த ‘க்கலாம்’ எனக்குப் பிடிக்கவில்லை. வந்து போனதற்கு ரூ.800 கொடுத்து அனுப்பினேன். இதில் என் தப்பு எங்கே என்று பிறகு யோசித்தேன். வாடிக்கையாளர் கோப்புகள் அத்தனையும் அந்த விண்டோஸின் ‘டி’ டிரைவுக்குள்ளேயே சேமித்திருந்தேன். விர்ச்சுவல்பாக்ஸ் திறக்காவிட்டால் என் இருபது வருஷமும் உள்ளே பூட்டிக் கிடக்கும் என்பது அன்று வரை உறைக்கவே இல்லை. பூட்டும் அப்படி ஒன்றும் பெரிய பூட்டு இல்லை. அந்த மொத்த விண்டோஸும் விடிஐ என்கிற நீட்சியோடு ஒரே ஒரு பெரிய கோப்பு. அதை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, விர்ச்சுவல்பாக்ஸ் ஓடுகிற வேறு எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டி ஓட்டலாம், என் மகனின் லேப்டாப் வீட்டில் சும்மாதான் இருந்தது. கோப்புகள் மட்டும் போதுமென்றால் செவன்-ஜிப் விடிஐயையே திறந்து உள்ளே இருப்பதை வெளியே எடுத்துத் தரும். இது தெரியாமல்தான் அடுத்த காரியத்தைச் செய்தேன்.

ஊரிலேயே இன்னொரு டிடிபி சென்டரில் மூன்று பத்திரிகைகளைத் தட்டக் கொடுத்தேன், அவசரம் என்பதால் மொத்தம் ரூ.2,400. அவர்கள் தங்களிடம் இருந்த பழைய பத்திரிகை ஒன்றைத் திறந்து, பேர்களை மட்டும் மாற்றித் தருகிற வழக்கம். நானும் அப்படித்தான் செய்வேன், தப்பு சொல்ல முடியாது. ராத்திரி பதினொன்றுக்கு பிடிஎஃப் வந்தது. பேர்களைப் பார்த்தேன், முகூர்த்த நேரம் பார்த்தேன், லக்னம், மண்டபம் பார்த்தேன், தஞ்சாவூருக்கு அனுப்பிவிட்டுப் படுத்தேன். புதன் சாயங்காலம் நானூறு கார்டும் பார்சலில் வந்தன. பெரியவர் பேரனோடு வந்திருந்தார். அந்தப் பையன் முதல் கார்டைப் பிரித்துச் சத்தமாகப் படித்தான். “நிகழும் மங்களகரமான குரோதி வருடம் ஆவணி மாதம்...” என்று படித்துவிட்டு, “தாத்தா, குரோதி போன வருஷம்ல?” என்றான். ஆமாம், அப்போது நடந்தது விசுவாவசு. பழைய கோப்பில் இருந்த வருடப் பேர் அப்படியே தங்கிவிட்டது. நானூறு கார்டு. பெரியவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, கார்டைத் திரும்ப உறைக்குள் செருகிவைத்து, “வெள்ளிக்கிழமை பதினஞ்சாந் தேதி, அச்சாபீசு லீவும்மா, நாளைக்குள்ள ஆவுமா?” என்று மட்டும் கேட்டார். ஆகும் என்றேன். என்ன தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. மாற்று அச்சுக்கும் சிவகாசிக் கார்டுக்கும் சேர்த்து ரூ.5,200, என் கணக்கில்தான்.

புதன் பகலில் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பழைய பதிப்பை நீக்கிவிட்டு 7.1 வரிசையின் புதிய பதிப்பை இறக்கிப் போட்டிருந்தேன். மாட்யூல் கம்பைல் ஆனது, 1908 பெட்டி வரவில்லை. எழுந்து நின்று கும்பிட்டேன், பொய்யில்லை. ‘ஸ்டார்ட்’ அழுத்தினேன். வேறொரு பெட்டி வந்தது. விஎம்எக்ஸ் ரூட் மோடில் விர்ச்சுவல்பாக்ஸ் இயங்க முடியாது, கேவிஎம்மை முடக்கு, கெர்னலை மறுபடி கம்பைல் செய், ரீபூட் செய் என்று இருந்தது. கெர்னலைக் கம்பைல் செய்யச் சொன்னதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. சேவ் ஸ்டேட்டில் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது போல என்று நானே ஒரு முடிவு கட்டி, அதை ‘டிஸ்கார்ட்’ செய்தேன். மூன்று மணி நேரம் தட்டிய கோட்டூர்ப் பத்திரிகை அந்த நொடியில் போயிற்று. பெட்டி போகவில்லை. சேவ் ஸ்டேட்டுக்கும் அந்தப் பிழைக்கும் சம்பந்தமே இல்லை என்று பின்னால் தெரிந்தபோது என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். சேவ் ஸ்டேட் என்பது சேமிப்பு இல்லை. விர்ச்சுவல்பாக்ஸின் பதிப்பு மாறினாலே பழைய ஸ்டேட் திறக்காமல் போகலாம், ஆகவே அப்டேட் எதுவானாலும் அதற்கு முன் உள்ளே இருக்கிற விண்டோஸை முறைப்படி ஷட்டவுன் செய்துவிட வேண்டும். இதைவிட முக்கியமாக, பிழைச் செய்தி என்ன சொல்கிறது என்று புரிவதற்குள் எதையும் அழிக்கக் கூடாது. பயத்தில் கை தானாக ‘டிலீட்’ பக்கம் போகிறது, அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

அன்று இரவு பையன்கள் இருவரும் தூங்கின பிறகு கடைக்கே திரும்பி வந்தேன், கணவர்தான் வண்டியில் கொண்டுவந்து விட்டார், சங்கு பற்றிப் பேசவில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு அந்தப் பிழைச் செய்தியை இந்த முறை ஒவ்வொரு சொல்லாக எழுத்துக்கூட்டிப் படித்தேன். கேவிஎம் என்ற ஒரு சொல்லை வைத்துத் தேடியதில்தான் விஷயம் பிடிபட்டது. கேவிஎம் என்பதும் கம்ப்யூட்டருக்குள் கம்ப்யூட்டர் ஓட்டுகிற ஏற்பாடுதான், ஆனால் அது கெர்னலின் சொந்தப் பிள்ளை. இன்டெல் பிராசசரில் விடி-எக்ஸ் என்று ஒரு வசதி இருக்கிறது, ஏஎம்டியில் ஏஎம்டி-வி. கேவிஎம்முக்கும் அது வேண்டும், விர்ச்சுவல்பாக்ஸுக்கும் வேண்டும். ஒரே நேரத்தில் ஒருவருக்குத்தான். எங்கள் கடைமடைப் பக்கத்து முறைத் தண்ணீர் மாதிரிதான் இது. முன்பெல்லாம் கேவிஎம் தன் வயலுக்கு வேண்டும்போது மட்டும் மடையைத் திறக்கும், மற்ற நேரம் விர்ச்சுவல்பாக்ஸ் திறந்துகொள்ளலாம். 6.12 கெர்னலிலிருந்து வழக்கம் மாறிவிட்டது. கேவிஎம் மாட்யூல் ஏறின உடனேயே, விடியற்காலையிலேயே, மடையைத் திறந்துவைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறது, தன் வயலில் நாற்றே இல்லாவிட்டாலும். நான் 6.11-இலிருந்து நேராக 6.14-க்குத் தாவியதால் அந்த மாற்றம் என் தலையில் ஒரே நாளில் விழுந்தது. யாருடைய தப்பும் இல்லை. கெர்னல்காரர்களுக்கு அப்படி மாற்ற அவர்கள் காரணம் இருந்திருக்கும், ஆனால் மன்னார்குடியில் பத்திரிகை அடிக்கிறவளுக்கு அதை யார் சொல்வார்கள்?

உடனடி வைத்தியம் இரண்டே வரி. உட்கார்ந்திருக்கிற கேவிஎம்மை எழுப்பிவிட வேண்டும். ‘ஆர்எம்மாட்’ என்ற கட்டளையை சூடோவோடு (அதுவும் ரூட் அதிகாரம் தருவதுதான்) கொடுத்து முதலில் ‘கேவிஎம் கீழ்க்கோடு இன்டெல்’ என்ற மாட்யூலையும் (ஏஎம்டி பிராசசர் என்றால் இன்டெலுக்குப் பதில் ஏஎம்டி), அடுத்து ‘கேவிஎம்’மையும் இறக்கிவிடலாம். வரிசை மாறினால் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்துவிடும். எனக்கு அதுவும் நடந்தது. சரியான வரிசையில் கொடுத்துவிட்டு ‘ஸ்டார்ட்’ அழுத்தினேன். கறுப்புத் திரை, அப்புறம் அந்த நாலு வண்ணப் பொட்டுகள் சுழன்று வந்து விண்டோஸ் கொடியாகச் சேர்ந்தன. மணி இரண்டு பத்து. சத்தம் போட்டு அழுதேன், தெருநாய் ஒன்று ஷட்டருக்குக் கீழே தலையை நீட்டிப் பார்த்துவிட்டுப் போனது. பத்திரிகையை முதலிலிருந்து தட்டினேன், இந்த முறை மூன்று மணி நேரம் இல்லை, ஒன்றே முக்கால்தான், பேரெல்லாம் மனப்பாடமாகியிருந்தது. விசுவாவசு என்பதை மட்டும் விரல் வைத்து மூன்று தரம் படித்தேன். நாலரைக்கு அச்சகத்துக்கு அனுப்பினேன். வியாழன் இரவு கடைசி பஸ்ஸில் கார்டு வந்து சேர்ந்தது.

ஆனால் மாட்யூலை இப்படி இறக்கிவிட்டது அடுத்த ரீஸ்டார்ட் வரைக்கும்தான், பிறகு கேவிஎம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். நிரந்தரமாக வேண்டுமென்றால் கெர்னலுக்கு ஒரு குறிப்பைச் சொல்லி அனுப்ப வேண்டும். அது இப்படி, எல்லாம் ஆங்கிலச் சிற்றெழுத்தில், நடுவே இடைவெளியே இல்லாமல்: கேவிஎம், புள்ளி, எனேபிள், கீழ்க்கோடு, விர்ட், கீழ்க்கோடு, அட், கீழ்க்கோடு, லோட், சமக்குறி, பூஜ்ஜியம். ஈடிசி ஃபோல்டருக்குள் டீஃபால்ட், அதற்குள் கிரப் என்று ஒரு கோப்பு இருக்கிறது, அதில் ‘கொயட் ஸ்பிளாஷ்’ என்று இருக்கிற வரியில் மேற்கோள் குறி முடிவதற்கு முன் ஓர் இடைவெளி விட்டு இதைச் சேர்த்து, ‘அப்டேட்-கிரப்’ கொடுத்து ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். நான் முதல் தரம் ‘விர்ட்’டில் இரண்டு எழுத்தை மாற்றித் தட்டிவிட்டேன். கெர்னல் தப்பான குறிப்பைத் திரையில் கத்திச் சொல்லாது, பேசாமல் ஒதுக்கிவிட்டுப் போய்விடும், நாமோ இந்த வைத்தியமே பொய் என்று நினைத்துக்கொள்வோம். ரீஸ்டார்ட் ஆன பிறகு புராக் ஃபோல்டரில் இருக்கிற ‘சிஎம்டிலைன்’ என்ற கோப்பைத் திறந்தால் கெர்னலிடம் என்ன சொல்லப்பட்டது என்று அப்படியே இருக்கும், அங்கே எழுத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கேவிஎம்மையே பிளாக்லிஸ்ட்டில் போடச் சொல்கிறவர்களும் உண்டு. அதுவும் வேலை செய்யும், ஆனால் பிறகு கேவிஎம்மை நம்பியிருக்கிற வேறு எதுவும் ஓடாது. இந்தக் குறிப்பு மென்மையானது, பழைய வழக்கத்துக்கே திருப்பிவிடுகிறது.

எழுத்தைத் திருத்திவிட்டு இரண்டாம் தரம் ரீஸ்டார்ட் கொடுத்தபோது, பாதியில் கரண்ட் போயிற்று. யூபிஎஸ் பேட்டரி செத்து இரண்டு மாதம். கரண்ட் வந்து திரும்பப் போட்டால், நான் அது வரை பார்த்தே இராத ஒரு மெனு வந்து நின்றது. எந்தக் கெர்னலை ஏற்றுவது என்று தொடக்கத்தில் தேர்கிற நிரல்தான் கிரப், முந்தைய பூட் முழுசாக முடியாமல் போனால் அது தானாக அந்த மெனுவைக் காட்டும். இரண்டாவது வரி ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’. அதற்குள் போனேன். முதலில் 6.14. அதற்குக் கீழே, அமைதியாக, 6.11. நான் சனிக்கிழமை மாலை வரை வேலை செய்த அதே கெர்னல். அதைத் தேர்ந்தெடுத்திருந்தால் திங்கள் காலை பத்து மணிக்குப் பழைய விர்ச்சுவல்பாக்ஸ் பழையபடி ஓடியிருக்கும், சேவ் ஸ்டேட்டில் என் பத்திரிகையும் கர்சரோடு அப்படியே நின்றிருக்கும். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்டேட் வந்தால் பழையதன் மேல் புதியது ஏறிவிடும் என்றே நினைத்திருந்தேன். கெர்னல் விஷயத்தில் அப்படி இல்லை, புதியது பக்கத்தில் வந்து உட்காரும், முந்தையது அப்படியே இருக்கும். உபுண்டு மட்டும் இருக்கிற கம்ப்யூட்டரில் அந்த மெனு மறைந்திருக்கும், அவ்வளவுதான். புது வகை யூஇஎஃப்ஐ போர்டு என்றால் ஆன் செய்து நிறுவனத்தின் சின்னம் மறைகிற நேரத்தில் எஸ்கேப் பொத்தானை ஒரே ஒரு தட்டு தட்ட வேண்டும். படபடவென்று தட்டினால் மெனுவைத் தாண்டி கிரப் என்று மட்டும் எழுதியிருக்கிற கறுப்புத் திரைக்குப் போய்விடும். பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். எதற்கும் ஒரு நல்ல நாளில், வேலை இல்லாத நேரத்தில், ஒரு தரம் அந்த மெனுவை வரவழைத்துப் பழகிக்கொள்ளுங்கள். நெருப்புப் பிடித்த பிறகு கிணறு எங்கே என்று தேடுவதில் பயனில்லை. இன்னொன்று, புதிய கெர்னலில் உங்கள் வேலை ஓடுகிறதா என்று பார்ப்பதற்குள் இடம் மிச்சப்படுத்துகிறேன் என்று, பழைய கெர்னலையும் நீக்கிவிடக்கூடிய ‘ஆட்டோரிமூவ்’ கட்டளையைக் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

இப்போது வேறு மாதிரி வைத்திருக்கிறேன். 6.11-இலேயே தங்கிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆப்ட்-மார்க் ஹோல்டு போட்டால் கெர்னல் நகராது. ஆனால் எச்டபிள்யூஇ தடத்தில் கைவிடப்பட்ட கெர்னலுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வராது. ஹோல்டு என்பது கல்யாண வாரத்தைத் தாண்டுவதற்கு மட்டும்தான். 24.04 முதன்முதலில் வந்தபோது இருந்த 6.8 கெர்னல்தான் எனக்குச் சரி. அது 2029 வரை அதே 6.8 ஆகவே இருந்து, திருத்தங்கள் மட்டும் வாங்கிக்கொள்ளும், 6.12-க்கு முந்தியது என்பதால் கேவிஎம் சண்டையும் இல்லை. எச்டபிள்யூஇ என்ற ஒட்டு இல்லாத ‘லினக்ஸ்-ஜெனரிக்’ தொகுப்பை நிறுவினால் அது ஹெடரோடு வரும். ஆனால் கிரப் எப்போதும் பெரிய எண்ணைத்தான் முதலில் எடுக்கும் என்பதால், மெனுவில் 6.8-ஐத் தேர்ந்து உள்ளே வந்து, எல்லாம் ஓடுகிறது என்று பார்த்த பிறகு, எச்டபிள்யூஇ தொகுப்பையும் அதன் கெர்னல்களையும் நீக்கினேன். போன வருஷம் வாங்கிய புத்தம் புது லேப்டாப் என்றால் 6.8 அதற்குப் பழசாக இருக்கலாம், வைஃபையே தெரியாமல் போகலாம், அவர்கள் புதிய கெர்னலோடு மேலே சொன்ன குறிப்பை வைத்துக்கொள்வதே நல்லது. என் ஐ5-க்கு 6.8 தாராளம். வாடிக்கையாளர் கோப்புகளை ஷேர்டு ஃபோல்டர் வழியாக உபுண்டு பக்கத்திலேயே சேமிக்கிறேன். விடிஐ கோப்பு 38 ஜிபி, மாதம் ஒரு தரம் ராத்திரி போட்டுவிட்டுப் போனால் காலையில் வெளி ஹார்ட் டிஸ்கில் இருக்கும். யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரியும் போட்டாயிற்று. யூனிகோடில் வருகிற புதிய வேலைகளை ஸ்கிரைபஸ் 1.6-இல் செய்து பழகுகிறேன், அதில் தமிழ் எழுத்துகள் உடையாமல் வருகின்றன, ஆனால் பேஜ்மேக்கரில் பத்து நிமிஷத்தில் முடிக்கிற வேலைக்கு எனக்கு அதில் ஒரு மணி நேரம் ஆகிறது. விரல் மாறவேண்டுமே.

காதணி விழா நோட்டீஸுக்காக மூன்று நாள் அலைந்து பார்த்த ஒரு வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விட்டார், இன்னும் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பெரியவர் போகவில்லை. கல்யாணம் முடிந்து தாம்பூலப் பையோடு கடைக்கே வந்து, அடுத்த பேத்திக்கும் இங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போனார். குரோதி கார்டுகள் நானூறும் மேசைக்குக் கீழே அட்டைப்பெட்டியில் இருக்கின்றன, நல்ல கனமான கார்டு, பின்பக்கம் வெள்ளை. கணக்கு எழுத, போன் நம்பர் குறிக்க அதைத்தான் கிழித்துக் கிழித்து எடுக்கிறேன். முதல் கார்டின் பின்பக்கத்தில் அந்த கேவிஎம் குறிப்பை ஒவ்வொரு எழுத்தாகப் பெரிதாக எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். ‘விர்ட்’டுக்கு அடியில் மட்டும் சிவப்பு மையில் இரண்டு கோடு.